மைதானத்தின் சாவி யாரிடம்?

2010-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடைபெற்றபோது, தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில் ரக்பி ஆட்டங்கள் நடத்தப்பட்டன. அதற்கென அங்கே ஓர் அரங்கம் எழுப்பப்பட்டது. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில கல்லூரிகளின் மைதானங்கள் பயிற்சிக் களங்களாகச் செப்பனிடப்பட்டன. தெற்கு தில்லியில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தின் மைதானமும் அவ்வாறே மேம்படுத்தப்பட்டது. போட்டி இரண்டு வாரத்தில் முடிந்துவிடும், வசதிகள் நிலைத்து நிற்கும், மாணவர்களும் மக்களும் அவற்றால் பயன்பெறுவர் என்பதே இந்தச் செலவுக்கு அன்று சொல்லப்பட்ட நியாயம்.

அந்தச் செலவு எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டபோது நாடே பேசியது. ஒப்பந்தங்கள், காலதாமதம், விலை உயர்வு என எல்லாம் விவாதிக்கப்பட்டன. விவாதத்தில் பெரிதும் இடம்பெறாத கேள்வி ஒன்று உண்டு. பொதுப் பணத்தில், பொது நிலத்தில் உருவான இந்த மைதானங்களின் வாயிற்கதவு யாருக்காகத் திறக்கும். அதன் சாவி யாரிடம் இருக்கும்?

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தைச் சுற்றியுள்ள பகுதிகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை புரியும். கமலா நகர், விஜய் நகர், மல்கா கஞ்ச், சந்திராவல், சற்றுத் தள்ளி முகர்ஜி நகர், திமார்பூர் என நெருக்கமான குடியிருப்புகள் வளாகத்தைச் சூழ்ந்துள்ளன. தெருவோரம் வாகனங்கள் நிற்கின்றன. சிறுவர்கள் பந்தை உதைக்க இடமின்றி மாடிக்கும் சந்துக்குமாக அலைகின்றனர். ஆனால் சில நூறு மீட்டர் தொலைவில், கல்லூரி மதில்களுக்குப் பின்னே, பசும்புல் தரைகள் விரிந்து கிடக்கின்றன. வளாகத்தின் ஊடாகப் பொதுச்சாலைகள் செல்கின்றன. எவரும் நடந்து போகலாம். மைதானத்துக்குள் காலெடுத்து வைப்பதுதான் வேறு கதை.

ஜாமியாவைச் சூழ்ந்த ஓக்லா பகுதியில் நெருக்கம் இன்னும் அதிகம். பட்லா ஹவுஸ், ஜாகிர் நகர் போன்ற இடங்களில் அடுக்குமாடிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல நிற்கின்றன. வானமே கீற்றாகத் தெரியும் அத்தெருக்களில் வாழும் குடும்பங்களுக்கு, பட்டோடி நவாப் மன்சூர் அலிகான் பெயர் தாங்கிய பல்கலைக்கழக விளையாட்டு வளாகம்தான் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உள்ள பெரிய திறந்தவெளி.

அக்கம்பக்கத்தார் முற்றிலும் விலக்கப்படுகின்றனர் என்று கூறிவிட முடியாது. நாட்டின் பல பல்கலைக்கழக வளாகங்களில் அதிகாலையில் நடைப்பயிற்சி செய்வோரைக் காணலாம். சில இடங்களில் அடையாள அட்டை தரப்படுகிறது. சில இடங்களில் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. சில இடங்களில் வாயிற்காவலர் முகம் பார்த்து விடுகிறார். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். துணைவேந்தர் மாறினால் வழக்கமும் மாறும். எங்கோ ஓர் அசம்பாவிதம் நடந்தால் மறுநாளே கதவு சாத்தப்படும். நாடு முழுவதற்கும் பொருந்தும் விதி ஏதும் இல்லாத நிலையில் மக்கள் பெறுவது உரிமை அன்று, சலுகை.

சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. சலுகை என்றால் அது செல்வாக்குள்ளவரையே முதலில் சென்றடையும். ஓய்வுபெற்ற அதிகாரிக்கும் உள்ளூர் அரசியல் பிரமுகருக்கும் கதவைத் திறந்துவிடும் காவலர், சேரிச் சிறுவனைத் துரத்திவிடுவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. எழுதப்பட்ட விதி இல்லாதபோது அவர் பிழைக்கும் வழி அதுதான்.

2022-ஆம் ஆண்டு மே மாதம் தில்லி அரசின் தியாகராஜ் விளையாட்டரங்கம் பற்றி வெளியான செய்தி இதற்கு ஓர் உதாரணம். உயர் அதிகாரி ஒருவர் மாலையில் தம் நாயுடன் நடப்பதற்காக, விளையாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களும் வழக்கத்தைவிட முன்னதாகவே வெளியேற்றப்படுகின்றனர் என்று ஆங்கில நாளேடு ஒன்று எழுதியது. வீரர்களை வெளியேறச் சொன்னதாகக் கூறப்படுவதை அந்த அதிகாரி மறுத்தார். ஆயினும் அவரும், அதிகாரியான அவர் மனைவியும் தலைநகரிலிருந்து இடமாற்றம் செய்யப்பட்டனர். தில்லி அரசின் விளையாட்டு வசதிகள் அனைத்தும் இரவு 10 மணி வரை திறந்திருக்கும் என்று அன்றைய முதல்வர் அரவிந்த் கேஜரிவால் அறிவித்தார்.

அந்த நிகழ்வைத் தனிமனிதரின் அதிகார மமதையாக மட்டுமே பேசி நாடு கடந்துபோய்விட்டது. அது அரசின் அரங்கம். நேரம் குறித்து ஒரு நடைமுறை அங்கு இருந்தது. அப்படியிருந்தும் இந்தப் புகார் எழுந்தது. நேரமும் நடைமுறையும் எழுதப்படாத பல்கலைக்கழக மைதானங்களில் நிலைமை எப்படி இருக்கும் என்று எண்ணிப்பார்க்க யாரும் முன்வரவில்லை.

மைதானத்தைப் பகிர்வது ஆடம்பரக் கோரிக்கை என்று கருதுவோர் உடல்நலக் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் சுமார் 10 கோடி பேர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு கூறியது. போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் குறித்து 2024-ல் "லான்செட் குளோபல் ஹெல்த்" இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்த நிலையில் இருந்தனர். ஆண்களில் 42 சதவீதம். பெண்களில் 57 சதவீதம்.

இந்த 15 சதவீத இடைவெளிக்குச் சோம்பல் காரணமாக முடியாது. பெண் பாதுகாப்பாக ஓடுவதற்கும் நடப்பதற்கும் விளையாடுவதற்கும் இடம் எங்கே என்ற கேள்விக்கு நமது நகரங்கள் விடை தரவில்லை. பூங்காக்கள் மாலை மங்கியதும் அவளுக்கு அந்நியமாகிவிடுகின்றன. தெருவில் ஓடினால் பார்வைகள் துரத்துகின்றன. விளக்கு வெளிச்சமும் மதிலும் காவலும் கழிப்பறையும் உள்ள இடம் பெரும்பாலான பகுதிகளில் ஒன்றே ஒன்றுதான்: அருகிலுள்ள கல்வி நிறுவனத்தின் மைதானம்.

இந்தக் கோரிக்கைக்கு எதிரான வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, மாணவர் நலன். பல்கலைக்கழகம் மாணவர்களுக்காக அமைந்தது. அவர்கள் விளையாடவே இடம் போதாதபோது வெளியாருக்கு ஏன் தர வேண்டும் என்று பேராசிரியர்களும் மாணவர் அமைப்புகளும் கேட்கின்றனர். 2010 போட்டிக்காகத் தில்லிக் கல்லூரிகள் சிலவற்றின் விடுதிகளை விட்டு மாணவர்கள் வெளியேற நேர்ந்ததை அவர்கள் மறக்கவில்லை. அன்று மாணவர்கள் வாடகை அறை தேடி அலைந்தனர். "பொது நன்மை" என்ற பெயரில் மாணவரின் இடம் பறிபோகுமோ என்ற அவர்களது அச்சம் அடிப்படையற்றது அன்று.

ஆனால் மாணவர், வெளியார் என்ற பிரிவினை தில்லிப் பல்கலைக்கழகத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்? அங்கு விடுதியில் இடம் கிடைப்போர் சிறுபான்மையினரே. மற்றவர்கள் விஜய் நகரிலும் கமலா நகரிலும் முகர்ஜி நகரிலும் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். அந்த அக்கம்பக்கத்தின் வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், சமையல் செய்து தரும் பெண் ஆகியோரை நம்பித்தான் பல்கலைக்கழகம் இயங்குகிறது. 1962-ல் அஞ்சல்வழிக் கல்விக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் திறந்தநிலைக் கற்றல் பள்ளி என்று பெயர் மாறிய பிரிவில் லட்சக்கணக்கானோர் படிக்கின்றனர். பட்டம் அதே பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். ஆனால் அன்றாடம் கல்லூரிக்கு வராத அவர்கள் கல்லூரி மைதானத்துக்கு வெளியாரே. மதிலுக்கு வெளியே நிற்பவர்களில் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பிள்ளைகளும் உண்டு.

இரண்டாவது வாதம் பாதுகாப்பு. 2019 டிசம்பரில் ஜாமியா வளாகத்துக்குள் காவல்துறை நுழைந்ததும், 2020 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குள் முகமூடி அணிந்த கும்பல் புகுந்து மாணவர்களைத் தாக்கியதும் வளாகங்களின் மனநிலையை மாற்றிவிட்டன. வாயிலில் கெடுபிடி அதிகரித்தது. மகளிர் கல்லூரிகளுக்கு இந்த அச்சம் முன்பே உண்டு. கல்லூரி விழாக்களின்போது மதிலேறி உள்ளே குதித்தவர்களைப் பற்றிய புகார்கள் தலைநகருக்குப் புதியவை அல்ல.

இந்த அச்சத்தை மதிக்க வேண்டும். ஆனால் பதிவு செய்துகொண்டு, நேரம் குறித்து, தன் மகளைக் கைப்பந்துப் பயிற்சிக்கு அழைத்துவரும் தாயினால் வளாகத்துக்கு ஆபத்து வருவதில்லை. கும்பலாகப் புகுபவர்கள் உறுப்பினர் அட்டை கேட்டு விண்ணப்பிப்பதில்லை. அக்கம்பக்கத்தார் அன்றாடம் வந்துபோகும் இடத்தில் அந்நிய முகம் எளிதில் தெரியும். யாருமற்ற இருண்ட மைதானமே அத்துமீறலுக்கு வசதியானது.

மூன்றாவது, பராமரிப்பு. புல்தரை ஓரளவு நேரத்துக்கு மேல் ஆட்டத்தைத் தாங்காது. செயற்கை ஓடுதளத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஹாக்கிக்கான செயற்கைத் தரைக்குத் தண்ணீர் தேவை. கோடையில் குடிநீருக்கே தவிக்கும் தில்லியில் அது எளிதன்று. இதற்கெல்லாம் பல்கலைக்கழக நிதியிலிருந்து பணம் ஒதுக்கினால் ஆய்வகமும் நூலகமும் பாதிக்கப்படும் என்பது உண்மையே.

பணத்தட்டுப்பாட்டின் விளைவாகவே தலைநகரிலும் பிற நகரங்களிலும் மைதானங்களைத் தனியார் பயிற்சி நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் பரவியுள்ளது. கட்டணம் கட்டும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வெள்ளை உடையில் கிரிக்கெட் பழகுகின்றனர். வசதியற்ற பிள்ளைகள் கம்பி வேலிக்கு அப்பால் நின்று பார்க்கின்றனர். பொதுச் சொத்து வெளியாருக்குத் திறக்கப்பட்டதாகவே ஆவணம் காட்டும். யாருக்குத் திறக்கப்பட்டது என்பதை அது காட்டாது.

பகிர்வு எந்த முறையில் நடக்கிறது என்பதுதான் அதன் தரத்தைத் தீர்மானிக்கிறது. இதற்கு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் தரும் பாடம் பழையதாயினும் பொருத்தமானது. நியூயார்க் நகரின் மார்னிங்சைடு பூங்காவில், அதாவது பொது நிலத்தில், உடற்பயிற்சிக்கூடம் ஒன்றைக் கட்ட அப்பல்கலைக்கழகம் முனைந்தது. அருகிலுள்ள ஹார்லெம் பகுதியின் கறுப்பின மக்களுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு என்றது. ஆனால் மாணவர்கள் மேலே உள்ள வாயில் வழியாகவும், ஹார்லெம் மக்கள் பூங்காவின் அடிவாரத்தில் உள்ள தனி வாயில் வழியாகவும் நுழையும்படி அதன் வரைபடம் இருந்தது. 1968-ல் எழுந்த மாணவர் கிளர்ச்சிக்கு வியட்நாம் போர் எதிர்ப்போடு இந்தக் கட்டடமும் ஒரு காரணமாயிற்று. கட்டுமானம் கைவிடப்பட்டது. மக்களுக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவர்களைத் தாழ்த்த முடியும் என்பதற்கு அந்தக் கீழ்வாயில் சாட்சி.

நமது நாட்டில் அந்தக் கீழ்வாயிலை யாரும் வரைபடத்தில் போடுவதில்லை. கட்டணம், பரிந்துரைக் கடிதம், ஆங்கிலத்தில் அச்சிட்ட விண்ணப்பம், காவலரின் பார்வை ஆகியவை அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

நல்ல முன்னுதாரணங்களும் உண்டு. ஜப்பானில் 2011-ல் இயற்றப்பட்ட விளையாட்டு அடிப்படைச் சட்டம், கல்விக்கு இடையூறு நேராத அளவில், அரசுக் கல்வி நிலையங்களின் விளையாட்டு வசதிகளைப் பொதுமக்கள் பயன்படுத்த வகைசெய்ய முயல வேண்டும் என்று அவற்றை நடத்துவோருக்குக் கடமை விதிக்கிறது. "கல்விக்கு இடையூறு நேராத அளவில்" என்ற வரம்பும் "கடமை" என்ற சொல்லும் ஒன்றாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். மாணவருக்கே முதலிடம், ஆனால் மாணவர் பயன்படுத்தாத நேரம் வீணாகக்கூடாது.

இந்தியாவிலும் விதை இல்லாமல் இல்லை. காமன்வெல்த் போட்டி முடிந்த மறு ஆண்டு, 2011-ல், இந்திய விளையாட்டு ஆணையம் தில்லியில் தன் பொறுப்பிலுள்ள ஜவாஹர்லால் நேரு அரங்கம் உள்ளிட்ட 5 அரங்கங்களையும் "வாருங்கள், விளையாடுங்கள்" என்ற பொருளுள்ள பெயரில் ஒரு திட்டத்தின்கீழ் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிக் கட்டடங்களை வகுப்பில்லாத நேரங்களில் சமூகப் பணிகளுக்குப் பயன்படுத்தலாம் என்கிறது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏற்ற புதிய தேசிய விளையாட்டுக் கொள்கை, விளையாட்டை மக்கள் இயக்கமாக்குவதையும் கல்வியோடு இணைப்பதையும் தன் தூண்களில் இரண்டாகக் குறிப்பிடுகிறது. இத்தனைக்குப் பிறகும் பல்கலைக்கழக மைதானத்தின் வாயிலில் பொதுமக்களுக்கான நேர அட்டவணை தொங்கவில்லை என்றால், கொள்கைக்கும் கதவுக்கும் இடையே யாரோ நிற்கிறார்கள் என்றுதான் பொருள்.

யார் நிற்கிறார்கள்? அரசியலமைப்புச் சட்டத்தின்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. கல்வி 1976-ன் 42-ஆவது திருத்தத்துக்குப் பின் பொதுப் பட்டியலில் உள்ளது. தில்லிப் பல்கலைக்கழகமும் ஜாமியாவும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். நிதி பல்கலைக்கழக மானியக் குழு வழியே வருகிறது. சுற்றியுள்ள தெருக்களும் பூங்காக்களும் மாநகராட்சியின் பொறுப்பு. மைதானத்தைப் பகிர வேண்டுமென்றால் மூன்று நான்கு அமைப்புகள் ஒரே மேசையில் அமர வேண்டும். யாருக்கும் அது தன் வேலை இல்லை என்பதால் எவரும் அமர்வதில்லை.

தேவைப்படுவது பெரிய சட்டமன்று. பல்கலைக்கழகமும் மாநகராட்சியும் மாநில அரசும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் போதும். எந்த மைதானம், எந்த நேரம், யாருக்கு, என்ன கட்டணம், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, பழுது பார்க்கும் செலவு யாருடையது என்ற ஆறு கேள்விகளுக்கு அதில் விடை இருக்க வேண்டும். பராமரிப்பில் மாநகராட்சியும் அரசும் பங்கேற்க வேண்டும். புதிதாக நிலம் வாங்கி மைதானம் அமைப்பதைவிட அது எத்தனையோ மடங்கு சிக்கனம். செயற்கைத் தரையையும் நீச்சல் குளத்தையும் பயிற்சியாளர் மேற்பார்வையில் மட்டும் தரலாம். நடைபாதை, கைப்பந்து, கூடைப்பந்து, கபடி, கோகோ களங்களை உடனே திறக்கலாம். விடியற்காலையும் விடுமுறை நாள்களும் கோடை விடுப்பும் எந்த மாணவருக்கும் இடையூறின்றிக் கிடைக்கும் நேரங்கள். பெண்களுக்கென நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அருகிலுள்ள அரசுப் பள்ளி மாணவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. உடற்கல்வி பயிலும் மாணவர்களே அந்தச் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கலாம். அது அவர்களது படிப்பின் பகுதியாகவும் அமையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அட்டவணை வாயிலில் இந்தியிலும் உருதிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும். தனியாருக்கு மைதானம் வாடகைக்கு விடப்பட்டிருந்தால் அந்த ஒப்பந்தமும் தொகையும் கேட்காமலே வெளியிடப்பட வேண்டும். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொதுத்துறை அமைப்புகளிடம் எதிர்பார்ப்பதும் அதுவே.

இப்போது இதைப் பேசுவதற்கு அவசரக் காரணம் ஒன்று உண்டு. 2030-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி ஆமதாபாதில் நடைபெறும் என்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. 2036 ஒலிம்பிக் போட்டியை நடத்தவும் இந்தியா விரும்புகிறது. மீண்டும் அரங்கங்கள் எழும்; மீண்டும் கல்வி நிறுவனங்களின் மைதானங்கள் பயிற்சிக் களங்களாகத் தேர்வாகலாம்; மீண்டும் பதக்கப் பட்டியலும் நாட்டின் பெருமையும் பேசப்படும். போட்டி முடிந்த பிறகு பகிர்வு பற்றி யோசிக்கலாம் என்று விட்டால், தில்லியின் கதையே ஆமதாபாதிலும் நிகழும். தில்லிப் பல்கலைக்கழக விளையாட்டு வளாகத்தின் பல்நோக்கு உள்ளரங்கத்தில் 2023 ஜூன் 30 அன்று பல்கலைக்கழக நூற்றாண்டு நிறைவு விழா பிரதமரின் பங்கேற்புடன் நடந்தது. பட்டமளிப்பு விழாவும் அங்கே நடந்திருக்கிறது. விழாவுக்கு இடம் வேண்டியதுதான். ஆனால் விழா நடைபெறாத நாள்களில் அந்த அரங்கத்தில் யார் விளையாடினார்கள் என்ற கணக்கே அதற்குச் செலவான பணத்தின் உண்மையான கணக்கு.

ஆகவே, இனி ஒரு கல்வி நிறுவனத்தின் மைதானத்துக்கு விளையாட்டுப் போட்டியின் பெயரால் ஒதுக்கப்படும் ஒவ்வொரு ரூபாயோடும் ஒரு நிபந்தனை இணைக்கப்பட வேண்டும். மாணவர்களைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது. போட்டி முடிந்ததும் மைதானம் முதலில் மாணவருக்கும், அடுத்து அக்கம்பக்கத்தாருக்கும், அட்டவணைப்படி திறக்கப்பட வேண்டும். இந்த நிபந்தனையைக் கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே எழுத வேண்டும். கட்டி முடித்த பிறகு எழுதுவதற்கு எந்த அரசுக்கும் மனம் வருவதில்லை.

நாட்டில் விளையாட்டு வீரர்கள் ஏன் உருவாகவில்லை என்று ஒவ்வோர் ஒலிம்பிக் முடிவிலும் தலையங்கங்கள் கேட்கின்றன. வீரர் உருவாவது அரங்கத்தின் நடுவில் அல்ல. பள்ளி விட்டு வந்த சிறுமி தன் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து சேரக்கூடிய களத்தில். அந்தக் களங்கள் பல நகரங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கான பணத்தை மக்கள் முன்பே கொடுத்துவிட்டார்கள். சாவியை அவர்களிடம் ஒப்படைப்பதுதான் பாக்கி.